யாரோடு நெஞ்சுவலி?

1

உங்களில் யாராவது டாக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி மேல் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை, மாத்திரை கொடுங்கள் என்று கேட்டதுண்டா? நான் கேட்டேன். அந்த ஒருத்தியையே பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கேட்டேன். மலாய் அரைகுறையாகத் தெரிந்ததால் வந்த வினை என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஊரிலிருந்து போன் வந்தால், என்ன விசேஷம் என்று கேட்கிறார்கள். இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

துறையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலேசியாவில் இந்தக் கேமரன் மலைக்கு வந்து இந்த மாதத்தோடு பதினாறு வருடம். ஊட்டி மாதிரியா என்று கேட்பீர்கள். ஊட்டி மாதிரிதான்: குளிர், தேயிலை, சனி ஞாயிறானால் நகராத வண்டிகள். என் வீட்டுக்காரர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். கொழுந்தை மலையிலிருந்து தொழிற்சாலைக்கு ஏற்றிக்கொண்டு போவது அவர் வேலை. நான் கம்போங் ராஜாவில் ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்திப் பூவைக் கட்டுக்கட்டாகப் பேப்பரில் சுற்றுகிறேன். ஒரே மகள், தர்ஷினி. படிவம் மூன்று முடிக்கப் போகிறாள், நம்மூர்க் கணக்கில் ஒன்பதாவது.

எங்கள் வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் இந்த நாட்டுக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை. எனக்கு மட்டும் பாஸ்போர்ட்டும் அதில் ஒட்டின விசாவும். புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் கணவர் கூடவே வந்து, ஆமாம் இவள் என் மனைவிதான் என்று கவுண்டரில் நிற்க வேண்டும். குடிநுழைவு இலாகாவில் அவர் கொட்டாவி விட்டால்கூட எனக்குப் பயம்தான்.

2

பரமேஸ்வரி என் நாத்தனார். எல்லாருக்கும் பரமேஸ். தோட்டத்து ஆபீசில் கிராணி. கிளார்க் என்றால் உங்களுக்குப் புரியும். வெள்ளைக்காரன் காலத்துப் பெயரெல்லாம் இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, மேனேஜர்கூடத் துரைதான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். கிராணி வீடு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. என் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேரே அவள் வாசல்தான்.

அவளிடம் சொந்தக் கார் இருக்கிறது. துரையிடம் இங்கிலீஷ், போலீஸ்காரரிடம் மலாய், காய்கறித் தோட்டத்துச் சீனரிடம் அவர் பாஷையில் நாலு வார்த்தை என்று வாய் எங்கேயும் தடுக்காது. தர்ஷினி பிறந்த நாளிலிருந்து தடுப்பூசிக்கு, பள்ளிச் சேர்க்கைக்கு, பெற்றோர் கூட்டத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னால் நின்றாள். வாத்தியார்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். பெற்றவள் நான் பக்கத்தில் நின்று, புரிந்த மாதிரி தலையை ஆட்டுவேன். என்ன சொன்னார்கள் என்று வெளியே வந்து அவளிடம்தான் கேட்க வேண்டும்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! திட்டிவிட்டாவது தூங்கியிருப்பேன். தங்கமானவள். மீன் வாங்கினால் பாதி எங்கள் வீட்டுக்கு வரும். நான் வாயில் வைத்துவிட்டு, உப்பு தூக்கல் என்பேன். உப்பு சரியாகத்தான் இருக்கும். அவள் கார் டயர் பஞ்சரானால் எனக்கு அன்றைக்குச் சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கும்.

தர்ஷினியும் அவளும் பேச ஆரம்பித்தால் தமிழில் தொடங்கி, மலாய்க்குப் போய், இங்கிலீஷில் முடித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னடி சிரிப்பு என்று கேட்டால், "ஒன்னும் இல்லமா, சொன்னா உங்களுக்குப் புரியாது லா," என்பாள் என் மகள், இந்த ஊர் ‘லா’வைக் கடைசியில் சேர்த்து. அவள் மரியாதையாகத்தான் சொல்வாள். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

இப்படியிருக்கும்போது பூக்கொட்டகையில் ஒருநாள், எதிரே நின்று காம்பு நறுக்கிக்கொண்டிருந்த பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "குடுத்து வச்சவ உங்க மக. ஈப்போவுல பெரிய ஸ்கூலு, அத்தை வீட்டுலயே தங்கிக்கலாம். யாருக்குக் கெடைக்கும்?"

பரமேசுக்கு மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் இருக்கும் தலைமை ஆபீசுக்கு மாற்றல் வந்தது எனக்குத் தெரியும். சந்தோஷப்பட்டேன் என்றே ஒத்துக்கொள்கிறேன். அவளோடு என் மகளும் போகப் போகிறாள் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது. காம்பு நறுக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆமா, போறா," என்று நானும் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு, கையிலிருந்த பேப்பரைச் சுற்றினேன். சுற்றின வேகத்தில் பூத்தலை இரண்டு முறிந்து விழுந்தது.

3

வீட்டுக்கு வந்து நான் வாயைத் திறக்கவில்லை. தர்ஷினியாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் சொல்லவில்லை. மனசுக்குள் ஒரு பேச்சு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது: பிடுங்கிக்கொண்டாள், பிள்ளைக்கு நீ வேண்டாம், சமைத்துப் போட ஒரு ஆள், அவ்வளவுதான் நீ. பல் தேய்க்கும்போதும் அதுதான், பூச்சுற்றும்போதும் அதுதான். வார முடிவில் நெஞ்சில் அடைத்துக்கொண்டது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது.

அவர் லோரியோடு மலைமேல் இருந்தார். கார் வைத்திருப்பவள் யார்? அவளேதான். என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு தானா ராட்டா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம். கியா பார்மில் சுத்தமாக நின்றுவிட்டது. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம் சாலையெல்லாம். பரமேஸ் ஹாரன் அடிக்கவே மாட்டாள், அன்றைக்கு அடித்தாள். ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு மறு கையால் என் கையைப் பிடித்திருந்தாள். நெஞ்சுவலியோடு அந்தக் கையைத் தட்டிவிடலாமா என்று யோசித்தேன். நான் எப்பேர்ப்பட்டவள் பாருங்கள்.

டாக்டர் சின்னப் பெண், மலாய்க்காரி. என்ன செய்கிறது என்று கேட்டார். பரமேஸ் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என் நெஞ்சுவலியையாவது நானே சொல்லிக்கொள்கிறேன் என்ற வீம்பு. சாக்கிட் என்றால் வலி, அது தெரியும். ஹாத்தி என்றால் நெஞ்சு. டிவியில் வரும் மலாய்ப் பாட்டிலெல்லாம் ஹாத்தி ஹாத்தி என்றுதான் உருகுகிறார்கள். நான் என்பதற்குச் சாயாவை முன்னால் போட்டு இரண்டையும் சேர்த்தேன். "சாயா சாக்கிட் ஹாத்தி, டாக்டர்."

டாக்டரின் பேனா நின்றது. என்னைப் பார்த்தார், பரமேசைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "டெங்ஙான் சியாப்பா?" என்றார். யாரோடு என்று அர்த்தம். யாரோடு வந்தாய் என்று கேட்கிறார் என்று நினைத்தேன். நான் கட்டை விரலை நீட்டிப் பரமேசைக் காட்டினேன். இவளோடுதான்.

பரமேஸ் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டி டாக்டரிடம் ஏதோ சொன்னாள். ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை. மறுபடி ஒருநாள் வந்து கவுன்சலரைப் பார்க்க வேண்டுமாம். "தனியாவே போய்ட்டு வாங்க அண்ணி, அதான் நல்லது," என்றாள். வரும் வழியில் கியா பார்மில் இறங்கி எனக்கு அவித்த சோளம் வாங்கிக் கொடுத்தாள்.

4

சாயங்காலம் நான் நடந்ததைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் தேத்தண்ணியைப் புரையேற்றிக்கொண்டார். சாக்கிட் ஹாத்தி என்றால் நெஞ்சுவலி இல்லையாம். ஹாத்தி என்பது ஈரல். ஒருத்தர் மேல் மனத்தாங்கல், உள்ளே வைத்துப் புழுங்குகிற எரிச்சல், அதற்குத்தான் அந்தப் பேச்சாம். "நமக்கு வயிறு எரியும், அவங்களுக்கு ஈரல் நோவும், அவ்வளவுதான் செல்வி," என்று சிரித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். "நீ யாரக் காட்டுன?"

"உங்க தங்கச்சியத்தான்."

ஈப்போ விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புள்ள ஒன்கிட்ட சொல்லத்தான் நெனச்சா. ஒன் மூஞ்சியப் பாத்தா அவளுக்குச் சொல்ல வரமாட்டேங்குது."

என்னை அறைந்திருந்தால்கூடத் திருப்பி அறைந்திருப்பேன். ஆனால் அந்த மூஞ்சி யாருடையது என்று எனக்குத் தெரியும்.

என் அம்மா திட்ட மாட்டாள், அடிக்க மாட்டாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வாடகை வீட்டில் இரண்டே அறை. அந்த மூஞ்சி இல்லாத இடம் அதில் கிடையாது. சினிமாவுக்குப் போகட்டுமா என்று கேட்க வேண்டுமானால் முதலில் அம்மா முகத்தைப் படிக்க வேண்டும். படித்துப் படித்து, கேட்க வேண்டியதையெல்லாம் விழுங்கவே பழகிவிட்டேன். மலேசிய மாப்பிள்ளை பிடித்திருக்கிறது என்பதைக்கூட நான் முதலில் சொன்னது சித்தியிடம்தான். அம்மாவுக்கு அது தெரிந்த பிறகு, விமானம் ஏறுகிற நாள் வரைக்கும் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அப்போது எனக்கு அம்மா மேல் கோபம். சித்தி மேல் அவளுக்கு எவ்வளவு எரிந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

5

கவுன்சலரைப் பார்க்கத் தனியாகப் போனேன். அவரும் மலாய்க்காரி, அவருக்குத் தமிழ் தெரியாது. துணைக்கு யாரை அழைத்துப் போவது? பரமேசைப் பற்றிப் பரமேசையே வைத்துப் பேச முடியுமா, மகளை வைத்துத்தான் பேச முடியுமா? என் சந்தை மலாயே துணை என்று உட்கார்ந்தேன். ஒருவகையில் அதுவும் நல்லதாகப் போயிற்று. தமிழில் பேசியிருந்தால் ஒரு மணி நேரம் என் பக்கத்து நியாயத்தை அழகாக அடுக்கியிருப்பேன். தெரிந்த வார்த்தைகளில் சொன்னபோது மூன்று வரியில் முடிந்துவிட்டது: அவள் நல்லவள். பிள்ளை அவளோடு போகிறது. எனக்கு எரிகிறது.

மனசில் ஓடும் பேச்சை நிறுத்தப் பாடுபடாதீர்கள் என்றார் அவர். அது கூப்பிடாமல் வரும், தானாகப் போகும், சொல்வதெல்லாம் உண்மை என்றும் இல்லை. வேண்டுமானால் அதற்கு ஒரு பெயர் வையுங்கள் என்றார். எனக்கு உடனே வந்த பெயர் கங்காணி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆள்களுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டே இருந்தவன் கங்காணி. இன்னும் எங்கள் லயத்தில் யாராவது அதிகாரம் பண்ணினால், வந்துட்டாரு கங்காணி என்பார்கள்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், "அப்பா நிலை, காக்?" அப்பா என்றால் என்ன, காக் என்றால் அக்கா. மிச்சம் இருந்த வார்த்தை என் காதில் சுத்தத் தமிழாக விழுந்தது. உங்கள் நிலை என்ன, அக்கா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த நாட்டில் என் நிலை என்ன என்று யார் கேட்டாலும் என் கை தானாகப் பைக்குள் போகும். பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். விசா இருக்கிறது, கணவர் கையெழுத்து இருக்கிறது, நிரந்தரவாசி அட்டைக்கு எழுதிப் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறேன் என்று மளமளவென்று ஒப்பித்தேன்.

அவர் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் என்னவென்று தெரியாமலே சிரிப்பு வந்தது. அவர்கள் மொழியில் நிலை என்றால் மதிப்பாம். எதை நீங்கள் பெரிதாக மதிக்கிறீர்கள், எப்படிப்பட்ட ஆளாக வாழ ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டை நகர்த்தி வைத்துவிட்டு வேறு மாதிரி கேட்டார். உங்கள் மகள் பெரியவளான பிறகு, எங்கள் அம்மா இப்படி என்று யாரிடமோ ஒரு வரி சொல்கிறாள். அது என்ன வரியாக இருக்க வேண்டும்?

எனக்குப் பதில் தமிழில்தான் வந்தது. எங்கம்மாகிட்ட எதை வேணாலும் சொல்லலாம். அதை அவருக்குப் புரிய வைக்க, பிள்ளை எல்லாம் பேசலாம் என்று குழந்தை மலாயில் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். எரிச்சல் போன பிறகு அப்படி வாழலாம் என்று இருந்தால் நாள்தான் போகும், எரியும்போதே அதைச் செய்து பாருங்கள் என்று அனுப்பி வைத்தார்.

6

எரிச்சல் குறைந்ததா என்று கேட்காதீர்கள். குறையவில்லை. பரமேஸ் வாசலில் என் மகளின் செருப்பைப் பார்த்தால் கங்காணி தொண்டையைத் திறந்துவிடுவான். பார், அங்கேதான் இருக்கிறாள், பார். சரி கங்காணி, கேட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்குவேன். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

மீன் குழம்பு வந்தபோது உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். பரமேஸ் பயந்துபோய், உடம்பு சரியாகிவிட்டதா என்று கேட்டாள். அவர்கள் இரண்டு பேரும் சிரித்தபோது, எனக்கும் அதை விளக்கிச் சொல் என்று தர்ஷினியைப் பிடித்து உட்கார வைத்தேன். விளக்கினாள். ஒரு சிரிப்பும் இல்லாத ஜோக். இதற்கா இத்தனை வருடம் நான் வெந்துபோனேன் என்று இருந்தது.

எல்லா நாளும் இப்படி இல்லை. ஒருநாள் பள்ளிச் சீருடை வாங்க அத்தையோடு போய்விட்டு வந்தாள் என்று தோசைக் கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தேன். அன்றைக்கு முழுக்க அம்மாவின் மூஞ்சி என் கழுத்துக்கு மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஈப்போவைப் பற்றித் தர்ஷினியிடம் நானாகக் கேட்கவும் இல்லை. கேட்டால் என் முகம் என்ன செய்யும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்து ஈரப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். கேட்காமல் அவள் துடைத்ததே கிடையாது. ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே, ஈப்போ விஷயம் உங்களுக்குத் தெரியும் இல்லையா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

"கோவமாம்மா?"

அவள் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். துறையூரில் நான் நின்ற மாதிரியே நின்று படித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று பொய் சொன்னால் படித்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"கோவம் இல்லடி. ஒங்க அத்தை மேல பொறாம. அது என் பாடு, நான் பாத்துக்குவேன். நீ சொல்ல வந்தத சொல்லு."

அவள் வாயைப் பிளந்தாள். அம்மாக்கள் இப்படிப் பேசுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முதலில் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே உதடு கோணிக்கொண்டது. போக ஆசையாக இருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது என்றாள். அங்கே எல்லாரும் டவுன் பிள்ளைகள், பாடமெல்லாம் வேகமாக ஓடும். நினைத்தாலே படுத்திருக்கும்போது மூச்சு முட்டுகிறதாம்.

"அத்தைகிட்ட சொல்லலம்மா. ரூமுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டாங்க, ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. ஒங்ககிட்டதான் சொல்றேன். நீங்க வேணாம்னு சொன்னா நான் போவல."

அத்தையிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொல்கிறாள். அந்தக் குஷியை நான் எப்படி எழுதுவேன்? என் வயிறு முழுக்கக் குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருடம் பரமேஸ் வாசலில் கிடந்த என் மகளின் செருப்பு அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் என் வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இனி ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். வேணாம். சொன்னால் போதும். பிள்ளை என்னோடு இருப்பாள், பரமேஸ் பெயிண்ட் அடித்த காலி ரூமைப் பார்த்துக்கொண்டு ஈப்போவில் உட்கார்ந்திருப்பாள். பயப்படுகிற பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள் என்று ஊரே எனக்குச் சாதகமாகப் பேசும்.

சோப்புக் கையோடு நின்றேன். குழாயில் தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டுக் கேட்டேன்.

"பயம் இல்லன்னா போவியா?"

"போவேன்." உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை.

"அப்படின்னா இத அத்தைகிட்டயும் போய்ச் சொல்லு. இப்பவே போ. அங்க ராத்திரில மூச்சு முட்டுனா நீ அவ கதவத்தான் தட்டணும், என் கதவு எட்டாது."

நீங்களும் வாங்கம்மா என்றாள். நீயே போ என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக மேட்டில் ஏறினாள்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. பரமேஸ் வாசலுக்கு வந்தாள். தர்ஷினி ஏதோ சொன்னாள். பரமேசின் சிரித்த முகம் மாறியது. இரண்டு கையாலும் என் பிள்ளையின் முகத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டாள். பிறகு இழுத்து அணைத்துக்கொண்டாள். தர்ஷினி அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு, என்னிடம் அழாத அழுகையை அங்கே அழுதாள்.

எனக்கு எரிந்தது. அடி வயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் எரிந்தது. நான்தான் அனுப்பினேன் என்று யாராவது பரமேசிடம் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. ஜன்னலைச் சாத்தக் கை போனது. சாத்தாமல், என் பிள்ளை அழுது முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.